சம்பளச் சீட்டில் காணாத பிடித்தம்

எங்கள் தொழிற்சாலையில் 140 பேருக்குச் சம்பளம் போடுவது என் வேலை. பத்தொன்பது வருடமாகப் போடுகிறேன். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி கூலிம் பக்கம் போகும் எத்தனையோ தோட்டத்துப் பெண்களில் நானும் ஒருத்தி. சம்பளக் கணக்கு எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று நினைத்திருந்தேன். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஒரு கடிதத்துக்குப் பிறகுதான், அந்தச் சீட்டில் எழுதாத வரிகள் எத்தனை என்று புரிந்தது.

கடிதம் காப்புறுதி கம்பெனியிலிருந்து வந்தது. எங்கள் தொழிலாளர்களின் மெடிக்கல் கார்டை, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி அட்டையை, ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும். தலைக்கு வருடம் 780 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த கட்டணம் 1,050 வெள்ளி என்று போட்டிருந்தது. ஒரே தாவில் 270 வெள்ளி.

அந்தச் சமயம் நாடு முழுக்க இதே புலம்பல்தான். சொந்தமாகக் கார்டு வைத்திருந்த பலருக்குக் கட்டணம் எகிறியதால், டிசம்பர் மாதம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்துப் போட வேண்டும்; மிகக் குறைந்த திட்டத்தில் இருக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒரு வருடம் உயர்வே கூடாது என்றது. கம்பெனி எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்புறுதி வேறு மாதிரி. அது வருடத்துக்கு வருடம் பேசி முடிக்கும் விலை. போன வருடம் நம் ஆட்கள் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், எவ்வளவு கிளெய்ம் ஆனது என்று பார்த்து இந்த வருட விலையைச் சொல்வார்கள். எங்களுக்கு அந்த வருடம் இரண்டு நெஞ்சுவலி, ஒரு புற்றுநோய், டெங்கி ஏழெட்டு.

மேனேஜர் கூப்பிட்டு, "இந்த வருசம் இன்கிரிமெண்ட் 80 இல்லம்மா, 55 போடு" என்றார். கார்டை வெட்டவில்லையே என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.

தலைக்கு 25 வெள்ளி குறைகிறது. 12 மாதத்துக்கு 300. அந்த 25 வெள்ளிக்கு முதலாளி போட வேண்டிய இபிஎப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) 13 சதவீதமும் மிச்சம். அது 39. மொத்தம் 339 வெள்ளி. காப்புறுதி ஏறியதோ 270. ஆக, கார்டுக்காகச் சம்பளத்தைக் குறைக்கிறோம் என்ற பெயரில் ஆளுக்கு 69 வெள்ளி கூடுதலாகவே போகிறது. வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. 270-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 22.50 வரும், அதை 25 ஆக்கிவிட்டார், இபிஎப்பைச் சேர்க்கவே இல்லை.

தொழிலாளி பக்கம் இதைவிடப் பெரிய இழப்பு. அடிப்படைச் சம்பளத்தில் குறைந்த வெள்ளி அதோடு நிற்காது. ஓ.டி. அடிப்படையிலிருந்து கணக்கிடுவது, அது குறையும். போனஸ் அடிப்படையை வைத்து, அதுவும் குறையும். இபிஎப் குறையும். அடுத்த வருட இன்கிரிமெண்ட் இந்தக் குறைந்த படியில் நின்று தொடங்கும். கார்டுக்காக முதலாளி கட்டும் 1,050 வெள்ளியிலிருந்து இவை எதுவும் கிளைக்காது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பயன், போகாவிட்டால் வருடக் கடைசியில் தீர்ந்துபோகும். அதற்காகக் கார்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நெஞ்சுவலிக்காரர் இரண்டு பேரும் அந்தக் கார்டால்தான் அன்றைக்கே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆனால் "கம்பெனி இலவசமாகக் கொடுக்குது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது சரியில்லை. நாம்தான் கொடுக்கிறோம், ஏறாமல் போன சம்பளத்தால்.

மறுநாள் காலையில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தேன். 20 வெள்ளி குறைத்தாலே போதும். 240-உம் இபிஎப் 31-உம் சேர்ந்து 271 ஆகிவிடும், காப்புறுதி உயர்வு அடைபட்டுவிடும் என்று காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "சரி, 60 போடு" என்றார். ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய். 140 பேருக்கு, இனி வரும் எல்லா வருடத்துக்கும் என்று பார்த்தால், என் பத்தொன்பது வருடத்தில் நான் செய்த நல்ல வேலை அதுதான்.

இந்தக் கணக்கு எனக்கு வேறு மாதிரி முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அப்புறம் தீம்பார் (பால்மரக் காடு), மத்தியானம் பால் நிறுத்தல். சம்பளம் மிகக் குறைவு. ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் இருந்தார். காய்ச்சலுக்கும் கைவெட்டுக்கும் காசு கேட்டதில்லை. வீட்டு வாடகை கிடையாது. ஆயக்கொட்டகையில் எங்களைப் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது அப்பாவுக்கு வெளியில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. கையில் வந்த பணம் முன்பைவிட அதிகம். ஆறே மாதத்தில் அம்மா நகையை அடகு வைத்தார். மாதக் கணக்கில் எங்கும் எழுதாமல் வந்துகொண்டிருந்த வீடும் மருந்தும் நின்றுபோனதன் விலை அது. அப்பா அன்றைக்குச் சொன்னது: "கூலி கூடிச்சு, சம்பளம் கொறைஞ்சு போச்சு." எனக்கு அப்போது பதினாறு வயது. கிழவர் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நாங்கள் கணக்குப் போடாமல் முடிவெடுத்தோம். அவர் வேறொரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். 2021-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். 2023-இல் பினாங்கின் பத்து காவானில் ஒரு வேலை வந்தது. இப்போதிருப்பதைவிட மாதம் 500 வெள்ளி அதிகம். புதுக் கம்பெனியின் கார்டு, ஏற்கனவே இருக்கும் நோய்க்கு முதல் 12 மாதம் பணம் தராது என்றார்கள். பயந்துவிட்டோம். அவர் போகவில்லை.

உத்தாரா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கும் என் அக்கா மகள் தீபாவளிக்கு வந்தபோது, "சித்தி, இதுக்குப் பேரே இருக்கு. அமெரிக்காவுல இதை வேலைப் பூட்டுன்னு சொல்வாங்க" என்றாள். அங்கே வேலை செய்யும் வயதினரில் மிகப் பலருக்குக் காப்புறுதியே முதலாளி வழியாகத்தானாம். நோய் உள்ளவர் வேலையை மாற்றப் பயப்படுவார். 2010-இல் அங்கே வந்த சீர்திருத்தச் சட்டம், ஏற்கனவே நோய் உண்டு என்று காப்புறுதி மறுக்கக் கூடாது என்றது. கூடவே, 50 முழுநேர ஊழியருக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளி காப்புறுதி கொடுக்க வேண்டும் என்றும், வாரம் 30 மணி நேரம் வேலை செய்தால் முழுநேரம் என்றும் சொன்னது. அதற்கு முன்பே, 2006-இல், மாசசூசெட்ஸ் மாநிலம் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்தவர்கள், காப்புறுதி தரும் வேலைகளில் அதன் செலவுக்கு ஏறக்குறைய ஈடாகச் சம்பளம் குறைந்திருந்ததைக் கண்டார்களாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு என் சாப்பாட்டு மேசைக் கணக்குதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

இங்கே நமக்கு அந்த அளவுக்குப் பூட்டு இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்ததும் தொடர்ந்து பார்ப்பதும் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். நிபுணர் கிளினிக்குக்கு ஐந்து வெள்ளி, மருந்து அதிலேயே அடங்கும். காத்திருக்க வேண்டும், உண்மைதான். காலை ஏழுக்குப் போனால் மத்தியானம் ஆகும். ஆனால் அந்த 12 மாத இடைவெளியில் எங்களுக்கு உண்மையில் இருந்த ஆபத்து எவ்வளவு? புது வேலையில் கூடுதலாக வந்திருக்கக்கூடிய 6,000 வெள்ளியோடு அதைத் தட்டில் வைத்துப் பார்த்தோமா? இல்லை. இன்னொன்றையும் கேட்கத் தவறினோம். ஆள் அதிகம் உள்ள கம்பெனி பேசினால், குழுக் காப்புறுதியில் அந்தக் காத்திருப்பு விதியைத் தளர்த்துவதும் உண்டு. புதுக் கம்பெனியின் எச்.ஆரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். வேலை மாற்ற நினைக்கும் யாரும் என்னிடம் வந்தால் இப்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன்: வாய்வார்த்தையாக அல்ல, எழுத்தில் கேளுங்கள். எந்த நாளில் கார்டு தொடங்கும், பழைய நோய்க்கு என்ன விதி, மனைவி மக்களுக்கு உண்டா, 60 வயதில் ஓய்வு பெற்றால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வி முக்கியம். பெரும்பாலும் வேலை முடியும் நாளில் கார்டும் முடிந்துவிடும், நோய் அதிகம் வரும் வயது அதற்கு அப்புறம்தான்.

மெடிக்கல் கார்டு நம் நாட்டில் உள்ளூர்த் தொழிலாளிக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. நோய்க்காக வேலைச் சட்டம் கட்டாயமாகத் தருவது சம்பளத்தோடு எம்.சி. லீவுதான். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023 முதல் அந்த 60 தனிக் கணக்கு. கட்டாயமானதை முதலாளி எடுக்க முடியாது, கட்டாயம் இல்லாததை நெருக்கடி வரும்போது முதலில் எடுப்பார். இது தெரிந்தால் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

இனி எனக்குத் தூக்கம் கெட்ட இடத்துக்கு வருகிறேன்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-இலிருந்து 1,700 வெள்ளியானது. நல்ல விஷயம், இன்னும் ஏற வேண்டும் என்பதே என் எண்ணம். எங்கள் கம்பெனியில் 1,500-இல் இருந்தவர்கள் துப்புரவு வேலை செய்த ஏழு பெண்கள். ஏழு பேரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேருக்கு என் அம்மாவைத் தெரியும். மற்றவர்களுக்குக் காப்புறுதி உயர்வை இன்கிரிமெண்டில் கழித்தாகிவிட்டது. இவர்களிடம் கழிக்க முடியாது, சட்டம் தரை போட்டிருக்கிறது. அந்தச் செலவு வேறு வழி தேடியது. ஏப்ரலில் துப்புரவு வேலையைக் கண்டிராக்டுக்குக் கொடுப்பது என்று முடிவானது. கார்டு இல்லை, எங்கள் கம்பெனிப் பெயரும் இல்லை. கொஞ்சம் சம்பளம் கூடியவரிடம் காப்புறுதிச் செலவு சம்பளத்தைத் தின்கிறது. அடித்தட்டில் இருப்பவரிடம் வேலையையே தின்கிறது. இதை எந்த மேசையில் பேசினாலும் நான் சொல்வேன். எல்லாருக்கும் காப்புறுதி என்று சட்டம் வருவது நல்லதுதான், ஆனால் முழுச் சுமையையும் முதலாளி தலையில் தலைக்கணக்காக வைத்தால் அது கடைசியில் இந்த ஏழு பேர் தலையில்தான் இறங்கும். 50,000 சம்பளம் வாங்கும் அதிகாரிக்கும் 1,700 வாங்கும் அக்காவுக்கும் தலைக்கு அதே 1,050 என்பது எப்படிச் சமம்? தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதியான சொக்சோ மாதிரி சம்பளத்தில் சதவீதமாக இருந்தால் அந்த அக்காவை வைத்திருக்கும் செலவு இவ்வளவு உறுத்தாது.

சொக்சோ கணக்கைப் பாருங்கள். 2025-இல் 1,700 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டியது 8 வெள்ளி 25 காசு. முதலாளி கட்டியது 30 வெள்ளிக்கும் குறைவு. இந்தச் சின்னப் பணத்துக்குள் வேலை விபத்து இருக்கிறது, 60 வயதுக்குள் நோயால் உழைக்க முடியாமல் போனால் மாத ஓய்வூதியம் இருக்கிறது, தகுதி உள்ளவர்களுக்குச் சிறுநீரக டயாலிசிஸ் செலவும் இருக்கிறது. கண்டிராக்டர்கள் சிலர் முதலில் கை வைப்பது இந்த எட்டு வெள்ளியில்தான். "சொக்சோ வேணாம், கையில சேர்த்துத் தர்றேன்" என்பார்கள். நம் ஆட்களும் சரி என்பார்கள்.

என் சின்னம்மா சரி என்றார். பத்து வருடத்துக்கும் மேல் மூன்று நான்கு கண்டிராக்டர்களிடம் கூட்டிப் பெருக்கினார். 52 வயதில் சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகம் இரண்டும் போனது. நான்தான் சொக்சோ ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். ஐ.சி. என்னும் அடையாள அட்டையின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, சந்தா 17 மாதம் என்றார்கள். இயலாமை ஓய்வூதியத்துக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் கட்டியிருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்குக் குறைந்த தொகைக்கான விதியும் உண்டு, அதற்கும் மொத்தத்தில் 24 மாதமாவது வேண்டும். ஏழு மாதம் குறை. முதலாளி கட்டாமல் விட்டதைச் சொக்சோ வசூலிக்கலாம், ஆனால் அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. சம்பளச் சீட்டு ஒன்று இல்லை. கையில் காசு. ஒரு கண்டிராக்டரின் முழுப் பெயர்கூடச் சின்னம்மாவுக்குத் தெரியவில்லை. இப்போது வாரம் மூன்று நாள் ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறார். மகன் டிப்ளோமா படிப்பை விட்டுவிட்டு ஷிப்ட் வேலைக்குப் போகிறான். மாதம் எட்டு வெள்ளி மிச்சம் பிடித்ததற்கு ஒரு பையனின் படிப்பு விலையாகப் போனதே என்று நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் அந்த ஏழு பேர் விஷயத்தில் சும்மா இருக்க மனம் வரவில்லை. மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். முதலாவது, இது ஆட்குறைப்பு, ஆகவே 1980-ஆம் ஆண்டு விதிப்படி பணம் தர வேண்டும். ஐந்து வருடமும் அதற்கு மேலும் சேவை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு 15 நாள், ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு 10 நாள். பெண்களை "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்க, அப்பதான் கண்டிராக்டர் எடுப்பார்" என்று ஒரு சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் போயிருக்கும். ராஜினாமா எழுத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் ஏழு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். வேலையே கிடைக்காதவர் என்றால், வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் வேலைவாய்ப்புக் காப்புறுதிக்கு மனுச் செய்யலாம். முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 சதவீதம், பிறகு குறைந்துகொண்டே போய் ஆறு மாதம் வரை கிடைக்கும்.

இரண்டாவது, கண்டிராக்ட் ஒப்பந்தத்தில் ஒரு வரி. மாதாமாதம் சொக்சோ, இபிஎப் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் கண்டிராக்டரின் பில்லுக்குப் பணம். இதற்குக் கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லை. மேனேஜர் இதை உடனே ஒத்துக்கொண்டார். ஆட்குறைப்புப் பணத்துக்கு மூன்று வாரம் ஆனது, மேலிடம் வரை போய் வந்தது. கடைசியில் வந்தது. கார்டை மட்டும் என்னால் மீட்க முடியவில்லை.

அவர்களில் ஐந்து பேர் கண்டிராக்டரிடம் தொடர்கிறார்கள். இரண்டு பேர் இடத்துக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, நம் தாத்தாக்களும் அப்படித்தான் கப்பலேறி வந்தார்கள். ஆனால் உள்ளூர் ஆளுக்கு முதலாளி இபிஎப் 13 சதவீதம் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபர் முதல்தான் 2 சதவீதம். சொக்சோவில் அவர்களை மறுபடி சேர்த்ததே 2019-இல்தான். பாதுகாப்பு குறைந்தவரை வைத்துக்கொள்வது மலிவு என்று இருக்கும்வரை இரண்டு பேருக்கும் நஷ்டம்.

கார்டு போன ஐந்து பேரையும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்கத்தின் பேக்கா பி40 திட்டத்தில் தகுதி பார்த்து, இலவசப் பரிசோதனைக்கு அனுப்பினேன். 40 வயதும் அதற்கு மேலும், அரசாங்க உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால் அதில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். சொக்சோவிலும் 40 வயதானவர்களுக்குப் பரிசோதனை உண்டு. ஐந்தில் மூன்று பேருக்குச் சர்க்கரை. ஒருவருக்கும் அதுவரை தெரியாது. இப்போது மூவரும் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து மாத்திரை வாங்குகிறார்கள்.

அந்த மூவரில் ஒரு அக்கா ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதி என் ஜன்னலுக்கு வருவார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்டிராக்டர் கொடுத்த சம்பளச் சீட்டை நான்காக மடித்த இடத்திலிருந்து பிரித்து நீட்டுவார். எழுத்துக் கூட்டத்தான் வரும் அவருக்கு. "அந்த எட்டு வெள்ளி இருக்கா பாரும்மா" என்பார். நான் விரலை வைத்துக் காட்டுவேன். பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் மற்ற மாதத்துச் சீட்டுகளோடு வைத்துக்கொள்வார்.